எங்கள் வீட்டில் பேசாமல் வைத்திருந்த நோய்

(இரத்தம் உறையாமை நோயுள்ள குடும்பங்களும், ஆஸ்பத்திரிக்கு உதவி வருகிற நண்பர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு தாயும் தகப்பனும் பேசியது. அவர்களுடைய விருப்பத்தின்படி பெயர்களும் ஊரும் விடப்பட்டிருக்கின்றன.)



எங்களில் ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். மற்றவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறவள். போன மாதம் டாக்டரம்மா எங்களைப் பேசச் சொன்னபோது மாட்டோம் என்றுதான் சொன்னோம். "நோயைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். அது உங்கள் வீட்டுக்குள் வந்தபோது என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்கள். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். எழுதியது இரண்டு பேரும்; வாசிக்கிறது ஒருவர். வாசிக்கிறவர் நடுவில் நின்றுவிட்டால் மற்றவர் தொடருவார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மூத்த மகன் 1995ஆம் வருஷம் பிறந்தான். பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. தவழத் தொடங்கிய பிறகுதான் முழங்காலிலும் முதுகிலும் ஆங்காங்கே நீலம் பாரித்துத் தடிப்புகள் வர ஆரம்பித்தன. தடுப்பூசி போட்ட தொடை கத்தரிக்காய் போல வீங்கிக் கறுத்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "பச்சப் பிள்ளைய என்னத்த வச்சு அடிச்ச?" என்று கேட்டார்கள். பையனுடைய அப்பாவின் தாயார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் மருமகளின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வயதும் நான்கு மாதமும் ஆனபோது வாசற்படியில் தடுக்கி விழுந்தான். மேல் உதட்டை ஈறோடு சேர்த்துப் பிடித்திருக்கிறதே, ஒரு சிறு சவ்வு, அது கிழிந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கிழிவதுதான். இவனுக்கு இரண்டு நாள் இரத்தம் நிற்கவில்லை. உறைந்த இரத்தம் ஈரல் துண்டு மாதிரி வாயில் தொங்கும். அது விழுந்தால் மறுபடியும் ஊற்றும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் தையல் போட்டார்கள். தையல் போட்ட ஓட்டைகளிலிருந்தும் இரத்தம் வந்தது. மூன்றாம் நாள் வாடகைக் கார் பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். பிள்ளை வெள்ளைத் துணி மாதிரி வெளிறிப் போயிருந்தான்.

இங்கே இருக்கிற குடும்பங்களுக்கு இந்த நோயைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு உடம்பில் பல சத்துகள் வரிசையாக ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். சைக்கிள் செயின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணி இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் சக்கரம் சுற்றாது. எட்டாவது கண்ணி, அதாவது ஃபேக்டர் 8 இல்லாதவர்களுக்கு ஹீமோபிலியா ஏ. ஒன்பதாவது இல்லாதவர்களுக்கு ஹீமோபிலியா பி. பிறக்கிற ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு முதல் வகை வருகிறது. இவர்களுக்கு இரத்தம் மற்றவர்களைவிட வேகமாக ஓடுவதில்லை. நிற்காமல் நெடுநேரம் கசிகிறது, அவ்வளவுதான். வெளிக்காயத்தைவிட உள்ளே கசிவதுதான் ஆபத்து. முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள் கசிந்து கசிந்து மூட்டையே தின்றுவிடும். எங்கள் பையனுக்கு ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அதைக் கடுமையான வகை என்கிறார்கள்.

இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துக்கொள்கிறது. ஆணுக்கு ஒன்றே ஒன்று. பழுதைச் சுமக்கிற தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு நோய் வர. ஒவ்வொரு மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு அவளும் சுமக்கிறவளாக ஆக. எங்கள் ஊரில் இதைக் கேட்டவுடன் "அப்போ குத்தம் அம்மா மேலதான்" என்று தீர்த்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலே புதிதாக வருகிறது என்று டாக்டர் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை.

அன்று டாக்டர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "அம்மாவழிக் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் யாராவது இரத்தம் நிற்காமல் இறந்ததுண்டா?" பையனின் அம்மா, "அப்படி யாரும் இல்லை" என்று சொன்னாள். அவளுக்குத் தெரிந்த வரையில் அது உண்மை. பின்னால் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தாயார் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் ஆச்சி என்று கூப்பிடுகிறவர்கள். ஆச்சி ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரி வார்டு வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும்போது ஆச்சியே வாய் திறந்தார்கள். அவர்களுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். ஒன்பது வயதில் பல் விழுந்து, இரத்தம் நிற்காமல் மூன்றாம் நாள் போய்விட்டான். "முனி அடிச்சிட்டுன்னு சொன்னாவ. அதுக்கப்புறம் அவம் பேரையே வீட்டுல யாரும் எடுக்கல்ல" என்றார்கள். சொல்லி முடித்துவிட்டு எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் தலையில் வைத்து, "சின்னவளுக்கு மாப்பிள்ளை பாக்கேன். இத வெளியில விட்டா அவ கதி என்ன மருமவனே? சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டார்கள். நாங்கள் சத்தியம் செய்தோம்.

மறுநாள் டாக்டரிடம் மட்டும் அந்தத் தம்பியைப் பற்றிச் சொன்னோம். "உங்கள் தங்கைக்கு இது தெரிய வேண்டும். அவளுக்குப் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தெரிய வேண்டும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு பல வருஷம் எங்களுக்குப் பொய் சொல்வதுதான் வேலையாக இருந்தது. பையன் நொண்டினால் சுளுக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் காமாலை. முழங்கால் வீங்கினால் வாதம். ஃபேக்டர் மருந்தை விலை கொடுத்து வாங்க எங்களால் ஆகாது. அப்போது எங்களுக்குக் கிடைத்தது கிரையோ. தானம் கொடுத்த இரத்தத்தின் பிளாஸ்மாவைக் குளிரவைத்துப் பிரித்து எடுப்பது. அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற அம்மையார் 1964இல் கண்டுபிடித்த வழி. ஒரு தடவைக்குப் பல பேருடைய இரத்தத்திலிருந்து எடுத்த பைகள் வேண்டும். கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருகிற பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து இரத்தம் கொடுக்க வைத்தோம். அவர்களிடமும் "ஆபரேஷனுக்கு" என்றுதான் சொன்னோம். இரத்தம் கொடுத்தவனிடமே பொய் சொல்லியிருக்கிறோம். ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளர் நிதி அந்த வருஷங்களில் எங்கள் பில்லில் பாதிக்கு மேல் தாங்கியது. அந்தப் பணத்தை அனுப்பினவர்களும் யாருக்கு, என்ன நோய்க்கு என்று கேட்டதில்லை. இன்று சொல்ல முடிகிறது.

1997இல் தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. கல்யாணம் முடியட்டும் சொல்லலாம் என்று இருந்தோம். முடிந்த பிறகு, புது இடம், கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தோம். 1998இல் எங்களுக்கு மகள் பிறந்தாள். 1999இல் தங்கைக்கு மகன் பிறந்தான். பிள்ளை பிறந்த வீட்டில் போய் இதையா சொல்வது என்று இருந்துவிட்டோம். ஒத்திப்போடுகிறவனுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே வராது.

2001இல் ஒரு கொடை சமயத்தில் எல்லாரும் ஆச்சி வீட்டில் கூடியிருந்தோம். தங்கை தன் பையனின் சட்டையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இது என்னதுன்னே தெரியல. அடிக்கடி இப்பிடி நீலமா வருது" என்று கேட்டாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பீடி சுற்றிக்கொண்டிருந்த சுளகை மடியிலிருந்து இறக்காமலே, "வெந்நீர் ஒத்தடம் குடு, சரியாயிரும்" என்று அவளுடைய அக்காள் சொன்னாள். அதுகூடத் தப்பு. கொடுக்க வேண்டியது ஐஸ் ஒத்தடம். வெந்நீர் கூடாது.

அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒருவர். ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று ஒருவர். யார் எதைச் சொன்னது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான்.

பதினோரு நாள் கழித்து அந்தப் பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தான். கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தூங்கிவிட்டான். சாயங்காலம் வாந்தி எடுத்தான். ஒரு கிளினிக்கில் சூட்டு வாந்தி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே. ராத்திரி வலிப்பு வந்தது. வேனில் கொண்டுபோகும்போது வழியிலேயே போய்விட்டான். ஒரு வயதும் பத்து மாதமும்.

ஹீமோபிலியா உள்ள பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் முதலில் மருந்தை ஏற்ற வேண்டும், ஸ்கேன் அதற்குப் பிறகுதான். இந்த வார்டில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். எங்களுக்கு 1996லேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. நாங்கள் காப்பி குடித்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். திண்ணையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். "இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க அத்தான்" என்றாள். அக்காளைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. நான்கு வருஷம் எங்களுக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை.

இத்தனைக்குப் பிறகாவது நாங்கள் திருந்தியிருக்க வேண்டும். இல்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது முதலில் ஓர் இடத்தில் உண்மையைச் சொன்னோம். எங்களுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் சேர்த்தோம். விளையாட்டு பீரியடில் மட்டும் விட வேண்டாம், பையனுக்கு மூச்சிரைப்பு என்று ஒரு புதுப்பொய். அவன் சைக்கிள் கடைக்காரன் மகன். ஒரு நாளும் சைக்கிள் மிதிக்க விட்டதில்லை. கடைவாசலில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுப்பான்.

2005இல் ஒருநாள் வகுப்பில் வலது பக்கம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். காலை நீட்ட முடியவில்லை. ஆசிரியர்கள் பக்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்த்தால் அப்பெண்டிக்ஸ் மாதிரியே இருக்கும். இடுப்புக்குள் ஒரு பெரிய தசை இருக்கிறது. அதற்குள் இரத்தம் கசிந்தால் இதே வலி, இதே மாதிரி கால் மடங்கும். உடனே ஆபரேஷன் என்றார்கள். எங்களிடம் போன் கிடையாது. நாங்கள் இருவரும் அன்று ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ, "இவன் சித்தி வீடு பக்கத்துத் தெருவுலதான்" என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடத்தான் கூப்பிட்டார்கள்.

அவள் பேனாவை வாங்கவில்லை. "கத்தி வைக்காதீங்க. இவனுக்கு ரத்தம் உறையாத வியாதி இருக்கு. ஹீமோபிலியா. எட்டாம் நம்பர்" என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் அவளிடம் நேரத்தோடே சொல்லாததை அவள் எங்கள் பிள்ளைக்காக நேரத்தோடே சொன்னாள். ஆபரேஷன் செய்திருந்தால் பையன் மேஜையிலேயே போயிருப்பான். ஆம்புலன்ஸில் அவளே ஏறி உட்கார்ந்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். நாங்கள் ராத்திரி வந்து பார்த்தபோது கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டோம். "மன்னிச்சேன்னு சொல்லத் தெரியல அக்கா. ஆனா இனிமே யாருகிட்டயும் மறைக்காத" என்றாள். இன்று வரைக்கும் அவ்வளவுதான். அவள் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இதை வாசிக்கலாமா என்று அவளிடம் கேட்ட பிறகுதான் எழுதினோம்.

அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் இருந்தபோது சமூகப் பணியாளர் சகோதரி ஒரு பெரிய தாளை விரித்து, ஆச்சியையும் உட்காரவைத்து, எங்கள் குடும்பத்தை மரம் மாதிரி வரைந்தார்கள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நோய் உள்ளவனுக்குக் கறுப்புச் சதுரம். ஆச்சி தன் தம்பியின் பெயரை அன்றுதான் எங்கள் முன்னால் உச்சரித்தார்கள். அந்தச் சதுரத்தைக் கறுப்பாக்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஆச்சியின் அக்காமார் இரண்டு பேர் வழியில் பெண்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் யார் சொல்வது?

தங்கையும் நாங்களுமாக வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் பாயைப் போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். ஒரு வீட்டில், "ஒங்க வீட்டுச் சாபத்த எங்க வீட்டுல கொண்டாந்து எறக்காதீங்க" என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் பதினேழு வயதுப் பையன் இரண்டு முழங்காலும் மடங்கித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். போலியோ என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சோதித்துப் பார்த்தால் எங்கள் பையனுக்கு இருக்கிற அதே நோய். அவனுக்குக் கால் முழுதும் நேராகவில்லை. ஆனால் பிசியோதெரபியும், மாவுக்கட்டை வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் போடுகிற சிகிச்சையும் கொடுத்து, ஊன்றுகோலோடு நிற்க வைத்தார்கள். அவனுடைய பஸ் செலவுக்கு இந்த நிதியிலிருந்துதான் பணம் போயிற்று. கதவைச் சாத்தினவர்களும் ஒரு வருஷம் கழித்து, ராத்திரி நேரத்தில், யாரும் பார்க்காமல் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கும் சந்தோஷப்பட்டோம்.

மறைக்கிறது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைத்தோம். அப்படி இல்லை என்று இங்கே ஒரு வகுப்பில் தெரிந்துகொண்டோம். இங்கிலாந்து விக்டோரியா ராணி இதைச் சுமந்தவர். அவருடைய மகன் லியோபோல்ட் 1884இல் முப்பதாவது வயதில் விழுந்து அடிபட்டு இறந்தார். ராணியின் பேத்தி வழியாக ரஷ்ய அரண்மனைக்குப் போய், 1904இல் பிறந்த இளவரசன் அலெக்ஸிக்கு வந்தது. அரண்மனையே அதை நாட்டு மக்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது. அது எந்த வகை என்பதே 2009இல் எலும்புகளைச் சோதித்த பிறகுதான் தெரிந்தது: ஒன்பதாம் நம்பர். பீடி சுற்றுகிற வீட்டுக்கும் ராஜா வீட்டுக்கும் பயம் ஒன்றுதான் போலிருக்கிறது.

மறைக்காதவர்களும் இருந்திருக்கிறார்கள். கனடாவில் வளர்ந்த ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்ற ஐந்து வயதுப் பையனின் இரத்தத்தைச் சோதித்துத்தான் 1952இல் ஒன்பதாம் நம்பர் குறைபாடு தனி நோய் என்று எழுதினார்கள். அந்த நோய்க்கே அவன் பெயரை வைத்துக் கிறிஸ்துமஸ் நோய் என்றார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் நோய்க்கும் சம்பந்தம் என்று நாங்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். அவர் பெரியவராகி டாக்ஸி ஓட்டினார், படம் பிடித்தார். ஏற்றிய இரத்தத்தின் மூலம் எச்.ஐ.வி. தொற்றியது. சுத்தமான இரத்தத்துக்காகக் கடைசி வரை பேசிவிட்டு 1993இல் இறந்தார். உலக ஹீமோபிலியா சம்மேளனத்தை 1963இல் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபலும் இந்த நோய் உள்ளவர்தான். அவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 17தான் இன்று நோயாளிகளின் நாளாக இருக்கிறது. நம் நாட்டில் 1983இல் சங்கத்தைத் தொடங்கிய அசோக் பகதூர் வர்மாவும் நோயாளியே.

எங்கள் பையனுக்கும் இரத்தத்தின் வழியாக ஒரு தொற்று வந்தது. எச்.ஐ.வி. அல்ல; ஈரலைத் தாக்குகிற ஹெப்படைட்டிஸ் சி. எந்தப் பையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. 2016இல் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டான். இப்போது அது இல்லை. அவனுக்கு இப்போது முப்பது வயது. இடது முழங்கால் மடங்காது. பி.காம். முடித்து இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறான். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவையும் சேர்த்த பிறகு சான்றிதழ் கிடைத்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் அவனே எழுதிக் கொடுக்கிறான். காசு வாங்குவதில்லை. வாங்கச் சொன்னால் சிரிக்கிறான்.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஒன்றும் செய்யாது, அவர்கள் சுமக்கிறவர்கள் மட்டும்தான் என்று நாங்கள் நம்பியிருந்தோம். பெரிய மனுஷி ஆன நாள் முதல் மாதா மாதம் பத்து நாள் கஷ்டப்படுவாள். சோகை பிடித்துப் பரீட்சை எழுதப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டோம். பதினெட்டு வயதில் அவளே இங்கே வந்து, "எனக்கும் டெஸ்ட் பண்ணுங்க" என்று கேட்டாள். ஃபேக்டர் 8 நூற்றுக்கு 34தான் இருந்தது. குறைந்தது 40 இருக்க வேண்டுமாம். அப்படியானால் அவள் சுமக்கிறவள் மட்டும் அல்ல, அவளும் நோயாளி. மாத்திரையில் சரியாகிற கஷ்டத்தை அஞ்சு வருஷம் அனுபவிக்க விட்டிருக்கிறோம். இங்கே இருக்கிற தாய்மாரே, மகன்களுக்கு மட்டும் இரத்தம் சோதித்துவிட்டுப் போய்விடாதேயுங்கள். மகள்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

2020இல் அவளுக்கு வரன் பார்த்தோம். ஆச்சி அப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் அந்த வராந்தாவும் அந்தச் சத்தியமும் எங்கள் இரண்டு பேர் நெஞ்சிலும் வந்து நின்றது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பலகாரத் தட்டு வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று மகளே சொல்லிவிட்டாள். முதலில் வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, போய் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது வந்த இடத்தில் தங்கைதான் பேசினாள். தன் பையனின் படத்தை எடுத்து வைத்து, "இது என் மவன். யாரும் சொல்லாததுனால செத்தான். ஒங்ககிட்ட சொல்லுதோம்" என்றாள். மாப்பிள்ளையின் தாயார் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப மருந்து இருக்கா?" என்று கேட்டார்கள்.

இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஃபேக்டர் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கசிந்த பிறகு ஓடாமல், கசியாமல் இருப்பதற்காகவே சிறு அளவில் வாரத்துக்கு இரண்டு தடவை போடுகிற முறையும் வந்திருக்கிறது. எமிசிசுமாப் என்று தோலுக்கடியில் போடுகிற ஊசி இருக்கிறது. நரம்பு தேட வேண்டாம், மாதத்துக்கு ஒரு தடவை போட்டாலும் போதும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய இரத்த மூல செல்களை எடுத்து, அதற்குள் சரியான மரபணுவை வைத்துத் திரும்பச் செலுத்தியதில் ஐந்து பேருக்கும் கசிவு நின்றது என்று 2024 டிசம்பரில் வெளிவந்தது. அதற்கு முன்னால் கடுமையான கீமோ மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் வருவதற்கு நாள் பிடிக்கும். செய்தியை எங்கள் பையன்தான் வாசித்துக் காட்டினான். "எனக்கு இல்லாட்டியும் மருமவனுக்கு ஆகும்" என்றான்.

மருமகன் என்று அவன் சொன்னது எங்கள் பேரனை. 2023இல் பிறந்தான். பிரசவத்துக்கு முன்பே தங்கை ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய் லேபர் வார்டில் சிஸ்டரிடம் கொடுத்தாள்: ஆயுதம் போட்டு இழுக்கக் கூடாது, பிறந்தவுடன் தசையில் ஊசி போடக் கூடாது, தொப்புள் கொடி இரத்தத்தை எடுத்து ஃபேக்டர் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். ஒன்றுக்கும் கீழே. மகள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

இப்போது அவனுக்கு வாரத்துக்கு இரண்டு ஊசி. முழங்கால் பக்கம் பஞ்சு வைத்துச் சின்னப் பாட்டி தைத்துக் கொடுத்த கால்சட்டை போட்டுக்கொண்டு வீடு முழுதும் ஓடுகிறான். மருந்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டால், தலைக்கவசம் வைத்துக்கொண்டு, சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம், அது மூட்டுக்கு நல்லதும்கூட என்று டாக்டரம்மா சொன்னார்கள். கடையில் ஒரு குட்டிச் சைக்கிளைச் சரிசெய்து வைத்திருக்கிறோம். பக்கத்துக்கு ஒரு சின்னச் சக்கரம். சிவப்புப் பெயின்ட் மாமாதான் அடித்தான். இன்னும் முழுதாகக் காயவில்லை.